இடுப்பு வரைக்கும்

சூடு காட்டாமல் முடியைச் சுருட்டுவதை நான் குவைத்தில்தான் பழகினேன். நான் வேலை செய்த வீட்டு மேடத்துக்கு ஒரு சின்ன மகள். வியாழக்கிழமை சாயங்காலமானால் அவள் தலையை நனைத்து, சீவி, பழைய கட்டில் விரிப்பில் கிழித்த துணிப்பட்டைகளில் கற்றை கற்றையாகச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். அப்படியே தூங்குவாள். வெள்ளிக்கிழமை காலையில் அவிழ்த்தால் முடி சுருள் சுருளாக விழும். பிறகு எல்லோரும் உறவுக்காரர் வீட்டு விருந்துக்குப் போவார்கள். சுருட்டுகிற மின்சாரக் கருவி அந்த வீட்டில் இரண்டு கிடந்தன. பிள்ளையின் முடியில் சூடு படக்கூடாது என்பது மேடத்தின் கண்டிப்பு. முடிக்கு அவ்வளவு பார்த்தவர், என் கையில் எண்ணெய் தெறித்துக் கொப்புளம் போட்ட அன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சரி, அதை இப்போது சொல்லி என்ன.

அந்தப் பிள்ளை என் மகளைவிட ஒன்றரை வயது மூத்தவள். அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அவளுடைய பிடரியில் என் மகளுக்கு இருப்பதைப் போலவே மெல்லிய பூனைமுடி. அதைப் பார்த்துக்கொண்டே சுற்றுவேன். அவளை வெறுக்க வேண்டும் என்று முதல் மாதம் முழுக்க முயன்று பார்த்தேன். எனக்கு வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சுருள் மிக அழகாக வந்துவிட்டது. என் கைவேலை என்ற பெருமையில் அதைப் படம் எடுத்து ஊரில் இருந்த என் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர் அதை மகளிடம் காட்டிவிட்டார். அன்று சாயங்காலம் வீடியோ காலில் அவள் முகம் முழுக்கத் திரையை அடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் புள்ள யாரும்மா? எனக்கும் அப்படிச் செஞ்சு விடுங்க."

"வந்து செஞ்சு விடுறேன் தங்கம்."

"எப்ப வருவீங்க?"

அவளுக்கு அப்போது மூன்றரை வயது. இரண்டு வருசம் என்றால் அவளுக்கு என்ன விளங்கும்? நாளைக்கு என்பதே அவளுக்கு நீண்ட காலம். எனக்கோ இடுப்பு ஒடிகிற அசதி, சமையலறையில் பாத்திரம் குவிந்து கிடந்தது.

"ஒன் முடி இடுப்பு வரைக்கும் வளரட்டும். வளந்த ஒடனே அம்மா வந்துருவேன்" என்றேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சொல்லிவிட்டு மறந்துபோகிற வாய்.

அதற்குப் பிறகு பேசும்போதெல்லாம் அவள் திரும்பி நின்று முதுகைக் காட்டுவாள். "வளந்திருச்சாம்மா?" என்பாள். "வளருது, வளருது" என்பேன். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு கட்டத்தில் அவள் திரும்பி நிற்பதை விட்டுவிட்டாள். எப்போது பேசினாலும் தலையில் ஒரு ரோஸ் நிறக் கம்பளித் தொப்பி. எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. டிக்கோயாவுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைகள் தொப்பியோடுதான் பிறக்கின்றன என்று சொன்னாலும் நம்பலாம், அப்படிக் குளிர். "முடியக் காட்டு புள்ள" என்றால், "குளிருதும்மா" என்பாள். வீட்டுக்காரரும் பின்னாலிருந்து, "சளி புடிச்சிருக்கு, விடு" என்பார்.

இரண்டு வருசம் முடிந்து நான் வந்து இறங்கியபோது அவர் மட்டும்தான் அழைத்துப் போக வந்திருந்தார். வரிசை வீடுகளாக இருக்கும் எங்கள் லயத்து வாசலில் வேன் நின்றது. எங்கள் வீடான காம்பராவின் கதவுக்குப் பின்னால் அந்த ரோஸ் தொப்பி தெரிந்தது. பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்ட கையோடு தொப்பியைக் கழற்றினேன். அவள் வீல் என்று கத்தி இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.

பையன்களுக்கு வெட்டுவதைப் போல ஒட்ட வெட்டிய கிராப்பு.

நான் வீட்டுக்காரர் மேல் பாய்ந்தேன். வந்து கால்மணி நேரம் ஆகவில்லை, லயமே வாசலில் கூடிவிட்டது. "பெத்த புள்ளைக்கு ரெண்டு சடை போடத் தெரியல. நீங்கல்லாம் ஒரு மனுசனா?" என்று கேட்டேன்.

அவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். குரலை உயர்த்தாத ஆள். "எனக்குக் கொழுந்து வாட்டத் தெரியும். பேன் பாக்கத் தெரியல. புண்ணாப் போச்சு, வெட்டிட்டேன். வளர வளர மறுபடி பேன், மறுபடி வெட்டினேன். என்ன செய்யச் சொல்ற?" என்றார்.

நாங்கள் கத்திக்கொண்டிருக்க, மகள் தொப்பியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு அழுதாள். என்ன என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்றாள். மடியில் வைத்துக் கொஞ்சியபிறகு சொன்னாள்.

"முடி இல்லன்னு தெரிஞ்சா நீங்க வரமாட்டீங்கல்ல. அதான் தொப்பி போட்டேன். முடி வளந்திருச்சுன்னு நெனச்சுத்தானே வந்தீங்க?"

நான் சிரித்தேன். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். "அதான் வந்துட்டேனே கழுதை" என்று முத்தம் கொடுத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது. என் பிள்ளை எத்தனை மாதம் என்னிடம் பொய் சொல்லி என்னை வரவழைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினாள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஒன்றரை வருசம் வீட்டில் இருந்தேன். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, மலையில் ஏறி, பழையபடி கொழுந்து எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஈர்கொல்லிச் சீப்பும் வேப்பெண்ணெயுமாக உட்கார்ந்து அவள் தலையைப் பேன் இல்லாமல் வைத்திருந்தேன். முடி காதைத் தாண்டிக் கழுத்துக்கு வந்தபோது, சுருட்டி விடச்சொல்லிக் கேட்டாள். அவளுக்குச் சின்னதாகிப்போன முதலாம் வகுப்பு வெள்ளை யூனிபோமை விரல் அகலத்தில் கிழித்தேன். குவைத்தில் செய்ததைப் போலவே தலையை நனைத்துச் சீவிச் சுற்றினேன்.

காலையில் அவிழ்த்தால், சுற்றியபோது இருந்த ஈரம் அப்படியே இருந்தது. முடி ஈர்க்குக்குச்சி மாதிரி நேராகத் தொங்கியது. அந்த வீட்டில் ஏசி விடிய விடிய ஓடும், அதில் தலை காய்ந்துவிடும். இங்கே அடைமழைக் காலத்தில் உள்பாவாடை காயவே நான்கு நாள் ஆகும். அந்த ஊர் வித்தை இந்த ஊரில் பலிக்கவில்லை. வீட்டுக்காரர் ஒரு கற்றையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பச்சக் கொழுந்த ரோலர்ல போட்டா இப்படித்தான் சொதசொதன்னு வரும். வாட வச்சிட்டுல்ல சுருட்டணும்."

இன்னொரு நாள் ஒழுங்காகச் செய்வோம் என்று மகளிடம் சொன்னேன். அந்தப் பட்டைகளை அவள் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்துக்கொண்டாள். இன்னொரு நாள் வரவேயில்லை. மலையிலிருந்து இறங்கினால் சோறு, துணி, தண்ணீர். ஒருநாள் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, "சுருட்டமுடி என்ன சோறா போடப்போகுது" என்று எரிந்து விழுந்தேன். அவள் டின்னை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். செய்ய எனக்குக் கை இருந்தது, நேரமும் தேடினால் கிடைத்திருக்கும். செய்யவில்லை.

பிறகு தொழிற்சாலையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆனது. அதே நேரம் குவைத்திலிருந்து மேடமே போன் செய்து கூப்பிட்டார். அவருடைய மகள் என்னைத் தேடுகிறாளாம். அதைக் கேட்டு எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. போவது என்று நானும் வீட்டுக்காரரும் முடிவு செய்தோம். மகளிடம் கடைசி வாரம்தான் சொன்னேன். அவளுக்கு ஏழு வயது. அழுவாள், காலைக் கட்டிக்கொள்வாள் என்று பயந்திருந்தேன். அவள் தன் முடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டாள்.

"இந்தத் தடவையும் இடுப்பு வரைக்குமா?"

இல்லை, அது அம்மா சும்மா சொன்னது என்று அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு இரண்டு வருசம் என்றால் விளங்கியிருக்கும். ஆனால் அவளை அழவிடாமல் சமாளிக்க எனக்கு ஒரு பதில் கிடைத்ததே பெரிய காரியமாக இருந்தது.

"ஆமா தங்கம். இப்பவே தோளுக்கு வந்திருச்சு. இன்னும் கொஞ்சந்தான்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. தோளிலிருந்து இடுப்பு வரை தன் சின்னக் கையால் சாண் போட்டுப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் கை எட்டவில்லை, அப்பாவைப் போடச் சொன்னாள். அவருடைய கைக்கு ஒரு சாணும் கொஞ்சமும் வந்தது. "அவ்வளவுதானா!" என்றாள். அந்த வாரம் முழுக்கக் காலையில் எழுந்ததும் தோளில் கை வைத்து முடி வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

போவதற்கு முதல்நாள் அவள் பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை நான் எரிந்து விழவில்லை. மத்தியான வெயிலிலேயே தலை குளிக்க வைத்தேன். அடுப்புக்குச் சற்றுத் தள்ளி பலகையைப் போட்டு உட்கார வைத்தோம். வீட்டுக்காரர் அடிக்கொருதரம் வந்து ஒரு கற்றையை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். "இன்னும் பச்சையா இருக்கு" என்பார். மகள் சிரிப்பாள். பொழுது சாயும் நேரத்தில், "இப்பப் பதம். சுத்து" என்றார். நான் சுற்ற, அவர் பட்டை எடுத்துக் கொடுக்க, பன்னிரண்டு முடிச்சு விழுந்தது. அவ்வளவு சந்தோசமாக எங்கள் காம்பராவில் நாங்கள் மூன்று பேரும் வேறு எந்த நாளும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. காலையில் நானேதான் அவிழ்த்துவிட வேண்டும், தூங்கினாலும் எழுப்ப வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு படுத்தாள்.

விடியும்போது வேன் வந்துவிட்டது. பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அவளை எழுப்பி உட்கார வைத்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். ஒவ்வொன்றும் துள்ளிக்கொண்டு சுருளாக விழுந்தது. குவைத்தில் அந்தப் பிள்ளைக்கு ஒருநாளும் இவ்வளவு நன்றாக வந்ததில்லை. "போய்ப் பாரு" என்று சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிப் பக்கம் தள்ளிவிட்டேன். அவள் சிரிக்கிற முகத்தை எடுத்துக்கொண்டு போகலாம் என்று நின்றேன்.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். கை வழக்கம்போலத் தோளுக்குப் போனது. அங்கே முடி இல்லை. கையை மேலே கொண்டுபோனாள். காதுக்குக் கீழே தட்டுப்பட்டது.

"முடி எங்கம்மா?"

"சுருட்டினா அப்படித்தான் புள்ள. கட்டையாத் தெரியும்."

ஒரு சுருளைப் பிடித்துக் கீழே இழுத்தாள். விட்டதும் அது மேலே ஏறிவிட்டது. இரண்டு கையாலும் இழுத்தாள். "நீட்டுங்கம்மா. பழையபடி நீட்டுங்க. இது கட்டையாயிருச்சு. நீங்க வர மாட்டீங்க" என்று அலறினாள். நான் பிடிப்பதற்குள் வாசலைத் தாண்டி லயத்துக்குப் பின்னால் தண்ணீர் கொட்டுகிற பீலிக்கு ஓடிவிட்டாள்.

நான் போனபோது தலையைக் கொண்டுபோய்ப் பீலித் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்தாள். மலையிலிருந்து வருகிற தண்ணீர், விடியற்காலையில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். பல் கிட்டிப்போய் நடுங்கினாள், தலையை மட்டும் எடுக்கவில்லை. வேன்காரர் ஹோர்ன் அடித்தார். நான் சேலை நனைய மண்டியிட்டு, அந்தத் தண்ணீருக்குள்ளேயே கை விட்டு, ஒவ்வொரு சுருளாக இழுத்து நேராக்கினேன். வேறு என்ன செய்ய முடியும்? என் மகளுக்கு நான் சுற்றியது சுருளாக விழுந்த ஒரே தடவை அது. அதையும் என் கையாலேயே கலைத்தேன்.

முழுக்க நேரானதும் அவள் தோளைத் தொட்டுப் பார்த்தாள். "வந்திருச்சு" என்றாள். உதடு நீலமாக இருந்தது. வீட்டுக்காரர் துவாயைக் கொண்டுவந்து போர்த்தினார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

"இடுப்புன்னா எந்த எடம்மா? சரியாக் காட்டிட்டுப் போங்க."

நான் அவள் முதுகில் ஒரு விரலை வைத்தேன். மேலே வைக்கத்தான் எனக்கு ஆசை. ஆனாலும் இடுப்பில்தான் வைத்தேன். அவள் தன் கையைப் பின்னால் கொண்டுவந்து, என் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்துக்கொண்டாள். நான் விரலை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினேன். தேயிலைக்கு நடுவே வேன் வளைந்து இறங்கும்வரை திரும்பிப் பார்த்தேன். அவள் மற்றக் கையை ஆட்டினாள். இடுப்பில் வைத்த கையை எடுக்கவேயில்லை.