உசிலம்பட்டியிலிருந்து ஐந்தாம் வார்த்தை வரை

இன்று பெரிய வெள்ளி. நானும் அம்மாவும் உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வந்தோம். வருகிற திங்கட்கிழமை அம்மா தன் சிறுநீரகம் ஒன்றை, அங்கே மருத்துவமனையில் ஏற்கெனவே படுத்திருக்கும் அப்பாவுக்குக் கொடுக்கப் போகிறாள். மாலை நான்கு மணிக்குள் அம்மாவும் அங்கே சேர வேண்டியிருந்தது. அதற்கு முன் எங்காவது ஒரு சர்ச்சில் மும்மணி நேர ஆராதனைக்கு உட்கார்ந்துவிட வேண்டும் என்று அம்மாவுக்குப் பிடிவாதம்.

இதே காரியமாக மதுரைக்கு வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். இப்போது இரவு; மதுரையை ஒட்டிய ஒத்தக்கடையில் சித்தி வீட்டில், போர்வைக்குள் போன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன். வீட்டு விஷயத்தை வெளியே சொன்னது தெரிந்தால் சித்தி போனைப் பிடுங்கிவிடுவாள். அதனால் யார் பெயரும் இதில் இருக்காது.

காலை 9.10 பஸ். ஆரப்பாளையம் வரை நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், இருவருக்கும் எழுபது ரூபாய். அம்மா வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். என் மடியில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்.

"டாக்டர் ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குடிக்கச் சொல்லிருக்காரும்மா."

"இன்னைக்கு உபவாசம்டி. மூணு மணிக்கு மேல குடிக்கிறேன்."

கண்டக்டர் சீட்டைக் கிழித்தபடி சிரித்தார். "பாப்பா அம்புட்டுத் தண்ணிய கொழந்த மாதிரி தூக்கிட்டு வருது. யாருமே குடிக்க மாட்டேங்கிறீக. எனக்காச்சும் ஒரு வாய் குடுங்கக்கா!" அம்மா பாட்டிலை வாங்கி அவரிடம் நீட்டினாள். தான் மட்டும் குடிக்கவில்லை.

செக்கானூரணி தாண்டியதும் சாலையில் ஒரு கானல்நீர்க் குளம் கிடந்தது. பஸ் கிட்டே போனதும் அது எழுந்து தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது. நாகமலை அதன் மேல் மிதந்து வந்தது. அரைத்தூக்கத்தில், அப்பா அந்தக் குளத்தில் இடுப்பளவு இறங்கி நின்று குடித்துக்கொண்டே இருந்தார். நிஜத்தில் அவருக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்தான். இரண்டு வருடமாக, டயாலிசிஸ் முடிந்து வந்தால் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

நான் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். 'அம்மா, நீ குடுக்க வேணாம்.' நான்கு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அப்பா என்ன ஆவார்? சொல்லாமல் விட்டு அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ஆரப்பாளையத்திலிருந்து டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பதினொன்றேகாலுக்கே சர்ச் பாதி நிறைந்திருந்தது. பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை, இயேசு சிலுவையில் தொங்கியபடி கடைசியாகச் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் பேசுவார்கள். மின்விசிறிகள் சுற்ற, வெள்ளைச் சேலைகள் மெல்ல அசைய, எல்லோரும் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அம்மாவின் உதடு வெடித்திருந்தது.

ஐந்தாம் வார்த்தை, 'தாகமாயிருக்கிறேன்' என்று இயேசு சொன்னது. அதற்குப் பேச வந்தவர் ஒரு லாரி டிரைவர். கையிலிருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"தெரிஞ்சதச் சொல்றேன். உசுரையே குடுக்க வந்த மனுசன், கடைசில தண்ணி கேட்டாரு. அதுவும் யார்ட்ட? ஆணி அடிச்சவன்கிட்ட. கேக்க வெக்கப்படல. நாமதான் எல்லாத்தையும் குடுத்துட்டு, நமக்கு ஒண்ணும் வேணாம்னு வீராப்பா நிக்கிறோம்." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

அம்மா என் மடியிலிருந்து பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்து, அங்கேயே, மடக் மடக்கென்று குடித்தாள். முன் வரிசை திரும்பிப் பார்த்தது. வாயைத் துடைத்துக்கொண்டு என் காதில், "அவரே கேட்டாரு. எனக்கென்ன?" என்றாள்.

மூன்று மணிக்கு வெளியே வேப்பமரத்தடியில் கஞ்சி ஊற்றினார்கள். டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனப்பாடம் செய்த வாக்கியம் வரவில்லை. வேறொன்று வந்தது.

"பயமா இருக்கும்மா."

அம்மா என்னைத் திட்டவில்லை, ஜெபம் பண்ணு என்றும் சொல்லவில்லை. "எனக்குந்தாண்டி" என்றாள். "ராத்திரில தூக்கமே இல்ல. உங்கப்பாட்ட சொல்லிராத." என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையும் வேர்த்திருந்தது.

ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். 3.40க்கு மருத்துவமனை. அப்பா அம்மாவின் உதட்டைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் பட்டினியா? தண்ணியாச்சும் குடிச்சியா?" என்றார். அவர் எதிரிலேயே அம்மா மிச்சத்தைக் குடித்தாள். அப்பா அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வார்டு கதவுக்குள் போகும்போது அம்மா திரும்பிச் சொன்னது: "பாட்டில கழுவிரு. இன்னொண்ணும் வாங்கி வையி. திங்கக்கெழமைக்கு அப்புறம் உங்கப்பாவும் குடிப்பாருல்ல."

வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பெரிய வெள்ளி விடுமுறை என்பதால் பஸ் குறைவு, ஒன்பது மணிக்கு முன்பே நிறுத்தத்துக்குப் போய்விடுங்கள். ஆதார், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் மூன்று நகல் எடுத்து வையுங்கள். சிறுநீரகம் கொடுப்பவர் உபவாசம் என்றால் தண்ணீரையும் விட்டுவிடலாமா என்று டாக்டரிடம் முன்பே கேளுங்கள். கூட வருகிறவர்கள் பயமாக இருந்தால் பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். நான் ஆறு மணி நேரம் வீணாக்கினேன்.

சித்தி புரண்டு படுக்கிறாள். போனை அணைக்க வேண்டும். தலைமாட்டில் இரண்டு பாட்டில்களும் இருக்கின்றன. இரண்டையும் நிரப்பிவிட்டேன்.