மஸ்கட் கிட்டதான்

மஸ்கட் சென்னையைவிடப் பக்கம் என்று என்னை நம்பவைத்தவர் மாமா. திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் ஐந்து மணி நேரம். மஸ்கட்டிலிருந்து சென்னைக்கு விமானத்தில் மூன்றரை மணி நேரம். கைப்பேசியில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கோட்டைக் காட்டி, "உங்கப்பா என்னா சந்திரனுக்கா போயிட்டாரு?" என்பார்.

அப்பா அங்கே ஏசி மெக்கானிக். அவர் விமானம் ஏறிய பிறகு பிறந்த தம்பிக்குக் காதுகுத்து வைத்தபோது, அவர் வந்து சேரும் நேரத்தைக் கணக்கிடும் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை. நாளும் அவர் குறித்ததுதான்: பௌர்ணமி. ஊரே கிரிவலக் கூட்டத்தில் திணறும் நாளில் ஒரு மனிதனைப் பஸ்ஸில் வந்து இறங்கச் சொல்ல மாமாவால்தான் முடியும்.

விமானம் கிளம்பும் நேரத்தோடு மூன்றரையையும் பஸ்ஸுக்கு ஐந்தையும் கூட்டினார். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்று சித்தப்பா சொன்னதற்கு, "அதெல்லாம் பைலட்டு பாத்துப்பான்" என்று முடித்துவிட்டார். பெட்டிக்காகக் காத்து நிற்பது, பஸ் நிலையத்துக்குப் போவது எதுவும் அவர் கணக்கில் இல்லை.

அன்று எங்கள் வேங்கிக்கால் வீடு நிறைய ஜனம். அப்பாவைக் காணோம். அவருடைய மஸ்கட் சிம் இங்கே வேலை செய்யாததால் போனும் போகவில்லை. தம்பி பசியில் கத்தினான். காது குத்த வந்த பத்தருக்கு வேறொரு வீட்டுக்கும் போக வேண்டும். "இன்னும் எவ்ளோ நேரம்ங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இதோ, வந்துட்டாரு" என்றார் மாமா, ஜன்னல் வழியே அப்பாவைப் பார்த்தவரைப் போல.

அம்மா வாசலை விட்டு நகரவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது என்று எல்லோரும் நெருக்க, மாமா மடியில் உட்காரவைத்துத் தம்பிக்குக் காது குத்தி முடித்தார்கள்.

பந்தி நடக்கும்போது அப்பா வந்தார். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்களாம். ஆட்டோ கிடைக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "குத்திட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையை நீட்டினார். தம்பி அவரைப் பார்த்து அலறி, மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

காலையிலிருந்து அடக்கிய எரிச்சல் எனக்குப் பொங்கிவிட்டது. "மூணரை மணி நேரம்தானப்பா? மெட்ராஸ்ல வேலை செய்ற பக்கத்து வீட்டு அண்ணனே வாராவாரம் வந்துட்டுப் போறாரு. நீ ஏன் வர மாட்டேன்ற?"

"ஆமாம்மா, கிட்டதான்" என்றார் அப்பா. அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டாள். மாமா தம்பியைத் தூக்கிக்கொண்டு பந்தியைக் கவனிக்கப் போனார்.

கை கழுவும்போது அப்பா சித்தப்பாவிடம், "இந்த லீவுக்கே ஒரு வருஷமா கெஞ்சினேன்டா" என்றது என் காதிலும் விழுந்தது. விழுந்து என்ன? அவர் திரும்பிப் போன பிறகும், மஸ்கட் கிட்டதான், எங்கப்பாவுக்குத்தான் சோம்பேறித்தனம் என்று பள்ளியில் எல்லோரிடமும் அலுத்துக்கொண்டிருந்தேன்.