மாதா கண்ணில் கசிந்தது

சவரியம்மாள் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். புருஷன் அந்தோணிசாமிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விளங்காமல் போனதிலிருந்து, வேலை முடிந்ததும் மாதா சிலை வைத்த குகைக்கோயிலான கெபிக்குப் போய் முழந்தாளிட்டு அழுதுவிட்டுத்தான் வீடு திரும்புவாள்.

புரட்டாசியில் மழைக்காற்று தொடங்கிய ஒரு நாள், மாதா சுரூபத்தின் கண்ணுக்குக் கீழே நீர் வழிந்திருந்தது. முதலில் பார்த்தவள் அவள்தான். முந்தானையில் அதை ஒற்றிக்கொண்டு ஓடிப்போய்ப் புருஷனின் கையில் தடவினாள்.

"மாதா நமக்காக அழுவுறாங்க!"

பொழுது சாய்வதற்குள் சுற்றுவட்டாரமே திரண்டுவிட்டது. நாட்கள் போயும் நீர் நிற்கவில்லை, கூட்டமும் குறையவில்லை. பக்கத்து ஊரான பிரம்மதேசத்திலிருந்து அஸ்வினி என்ற பெண் வலிப்பு வரும் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மாத்திரைய நிறுத்திட்டேன்க்கா. மாதா பாத்துப்பாங்க."

சவரியம்மாள் குழந்தையின் நெற்றியைத் தொட்டாள். சுரூபத்தின் அருகே போய் உற்றுப் பார்த்தாள். கண்ணருகே மட்டுமல்ல, உடைந்து ஒட்டுப் பூசிய தோளிலும் ஈரம். கோடையில் முகத்துக்கும் தோளுக்கும் போட்ட அந்தப் பூச்சுக்கு நல்ல தண்ணீர் கிடைக்காமல், உப்பளத்து வாய்க்கால் தண்ணீரைத்தான் கலந்தார்கள். உப்பு இருந்தால் ஈரக்காற்றுக்குக் கசியும். அங்கே நின்ற உப்பளத்து ஜனத்துக்கு இது தெரியாததல்ல, சொல்லத்தான் மனசில்லை. அவளுக்கு மட்டும் மனசிருந்ததா? அந்த நீரை நம்பித்தானே புருஷன் கையைத் தினமும் தடவிக்கொண்டிருந்தாள்!

"இது கண்ணீர் இல்லீங்க," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "பூச்சுல இருக்கற உப்பு கசியுது. அஸ்வினி, கொழந்தைக்கு மாத்திரைய குடும்மா."

"உனக்கு விசுவாசம் போயிடுச்சா?" என்று கத்தினான் கெபியைப் பராமரிக்கும் ஜான்சன்.

"இருக்கறதாலதான் சொல்றேன். மாதாவுக்காக நாம பொய் சொல்லணுமா? யோசிக்கற புத்திய குடுத்ததும் ஆண்டவருதானே?"

சில பெண்கள் அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டார்கள். அஸ்வினி மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பவே வீட்டுக்குப் போய் குடுத்துடறேன்க்கா" என்று கிளம்பினாள்.

மறுநாளும் சவரியம்மாள் கெபிக்குப் போய் வந்தாள். அந்தோணிசாமி வாய் கோணச் சிரித்து, "அழலன்னு சொல்லிட்டு, அவங்ககிட்டயே போறியா?" என்று குழறினான்.

"கசியறது கண்ணுக்குத் தெரிஞ்சுது, சொன்னேன். அவங்க என்கூட இருக்கறது மனசுக்குத் தெரியுது, போறேன்."

ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி அவன் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கினாள்.

தை மாதம் அவன் அந்தக் கையால் டம்ளரைப் பிடித்தான். பயிற்சியா, ஜெபமா என்று யாராவது கேட்டால் சவரியம்மாள் சிரிப்பாள்.

"நான் ரெண்டையும் விடலையே!"