வக்கீல் மயங்கி விழுந்த படம்

1. பெண்கள் கவுன்டர்

சந்தவாசல் டூரிங் டாக்கீஸில் பெண்கள் கவுன்டரில் டிக்கெட் கிழிக்கச் சேர்ந்த முதல் நாளே முதலாளி எனக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“இன்னாம்மா மேரி, ஓசியில படம் பாக்கலாம்னு வந்திருந்தா இப்பவே வூட்டுக்குப் போய்டு.”

அவர் சொன்னதில் தப்பில்லை. முதல் ஆட்டம் தொடங்கும்போது கவுன்டரில் இருக்க வேண்டும். பிறகு கூடாரத்துக்குள் போய், பெண்கள் பக்கத்தில் இடத்துக்குச் சண்டை போடுகிறவர்களை விலக்கிவிட வேண்டும். கிளைமாக்ஸ் வரும் நேரத்தில் இரண்டாம் ஆட்டத்துக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிடும், மறுபடி கவுன்டர். அந்த ஆட்டம் தொடங்கியதும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். எழுபதுகளின் கடைசியில் அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு படத்தின் முடிவையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாம் ஆபரேட்டர் சவுரி அண்ணன் வாயால் கேட்டதுதான். அவர் கதை சொல்கிற அழகுக்கு, கேட்காமலே இருந்திருக்கலாம்.

முடிவு பார்க்காதவர்கள் இன்னும் இருந்தார்கள். சந்தை நாளில் ஜவ்வாது மலையிலிருந்து புளியும் சாமையும் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி இறங்கும். விற்று முடித்த மலைக்காரர்கள் முதல் ஆட்டத்துக்கு வந்து மணலில் உட்காருவார்கள். எங்களிடம் ஒரே புரொஜெக்டர். ரீல் மாற்ற மூன்று இடைவேளை விடுவோம். மூன்றாவது இடைவேளையில் லாரி ஹாரன் அடிக்கும். வனத்துறை செக்போஸ்ட்டில் சங்கிலி போடுவதற்குள் போயாக வேண்டும் என்பதால் அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள். அதில் அவர்களுக்கு வருத்தமும் கிடையாது. “கடைசில கல்யாணந்தான பண்ணப் போறாங்க, வா போவலாம்” என்று சிரித்துக்கொண்டே லாரி ஏறுவார்கள்.

அந்த ஒரு படம் வரும்வரை அப்படித்தான் நடந்தது.

2. எட்டுப் பேர்

படத்தில் அடைமழை. ஒரு பங்களா. பண்ணையார் குண்டு பட்டு நாற்காலியிலேயே செத்துக் கிடக்கிறார். உள்ளே எட்டுப் பேர். காது கேட்காத அத்தை, திருடித் தின்னும் சமையல்காரன், ஊசியைக் கண்டால் நடுங்கும் டாக்டர், பிணத்தைப் பார்க்கும்போதெல்லாம் மயங்கி விழும் வக்கீல் என்று ஆளுக்கு ஒரு கிறுக்கு. எட்டுப் பேரில் யார் வேண்டுமானாலும் கொன்றிருக்கலாம் போலவும் இருந்தது, எட்டுப் பேரும் நம் சொந்தக்காரர்கள் போலவும் இருந்தது.

மூன்றாவது இடைவேளையில் கூடாரம் முழுக்க ஒரே வாக்குவாதம். முறுக்கு விற்கிறவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “சமையக்காரன்தான், எழுதி வெச்சிக்கோங்க” என்றார். மலையிலிருந்து வரும் குப்பாயி அக்கா அவரை விடவில்லை.

“வாய மூடுய்யா. எல்லாரும் அந்த வக்கீல வுட்டுடுங்க, அது பாவம். அத்தைக்கு மட்டும் எப்டி வெடிச் சத்தம் கேட்டுச்சி? அதச் சொல்லு மொதல்ல.”

ஹாரன் அடித்தது. குப்பாயி அக்கா அசையவில்லை. நான் போய்த் தோளைத் தொட்டேன்.

“யக்கா, லாரி நிக்காது.”

“யாரு கொன்னதுன்னு தெரியாம எப்டிம்மா போறது? வூட்ல புள்ளைங்க தனியா கெடக்குதுங்க, இல்லன்னா இங்கியே மணல்ல படுத்துப்பேன்.” எழுந்தவர் சட்டென்று என் வாயைப் பொத்தினார். “உனுக்குத் தெரிஞ்சாலும் சொல்லாத. நான் கண்ணால பாக்கணும். அடுத்த சந்தைக்கிக் கடைசி ரீல மொதல்ல போடச் சொல்லு, பாத்துட்டுப் போய்ட்றோம்.”

முதலாளியிடம் சொன்னேன். நல்ல கூட்டம் என்பதால் படத்தை அடுத்த சந்தைவரை ஓட்டுவதாக இருந்தார். மலைக்காரர்களும் மறுபடி வருவார்கள் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. சவுரி அண்ணன்தான் தலையில் அடித்துக்கொண்டார்.

“கொலகாரன மொதல்லயே காட்டிட்டா அப்பறம் இன்னாத்த மொதலாளி பாக்கறது?”

“போடுன்னா போடு.”

அந்தச் சந்தை நாளில் மலையில் நல்ல மழை. இருட்டியும் லாரி வரவில்லை. உள்ளூர்க் கூட்டம் விசிலடித்தது. “வந்துடுவாங்க, போடு” என்றார் முதலாளி. சவுரி அண்ணன் கடைசி ரீலை ஓட்டினார். நான் ரோட்டில் நின்று லாரியின் வெளிச்சத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே பெரிய சிரிப்பு எழுந்தது, பிறகு ஒரே கூச்சல். “இன்னாய்யா, படம் தலகீழா ஓடுது!” என்று ஆண்கள் பக்கத்தில் மணலை வாரி இறைத்தார்கள். லாரி வரவேயில்லை. மலைப் பாதையில் மண் சரிந்துவிட்டதாகப் பிறகுதான் தெரிந்தது.

ஆச்சரியம் என்னவென்றால், கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகும் ஒருவரும் எழுந்து போகவில்லை. பிறகு முதல் ரீலிலிருந்து படம் ஓடியபோது, வக்கீல் ஒவ்வொரு முறை மயங்கி விழும்போதும் போன வாரத்தைவிட அதிகமாகச் சிரித்தார்கள். மறுநாள் காலை பஸ்ஸில் படப்பெட்டி போய்விட்டது.

3. கேட்டதும் சொன்னதும்

பாதை சரியாகி குப்பாயி அக்கா இறங்கி வந்தபோது வேறு படம் ஓடிக்கொண்டிருந்தது. “பரவால்ல, மறுபடி வரும்ல?” என்றார். வரும் என்றேன்.

அதற்குப் பிறகு சந்தைக்குச் சந்தை எனக்குப் புதுக் கதை கிடைத்தது. மலையில் பெண்கள் சேர்ந்து கொட்டை எடுக்கப் புளி தட்டும்போது, படத்தின் எட்டுப் பேரையும் ஆளுக்கொருவராகப் பிரித்துக்கொண்டு நடிப்பார்களாம். குப்பாயி அக்காதான் வக்கீல். புளிக் குவியல்மேலேயே மயங்கி விழுவாராம். “இந்த வாரம் டாக்டருதான் கொன்னான்” என்பார். அடுத்த வாரம் அத்தை. கவுன்டர் முன்னால் வரிசை நிற்பதையும் மறந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த டாக்கீஸில் நான் பார்த்த ஒரே முழுப் படம் அதுதான் என்று சொல்வேன்.

படம் திரும்பி வரவில்லை. லைசென்ஸ் முடிந்து முதலாளி செங்கம் பக்கம் போக முடிவு செய்தார். கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்த அன்று குப்பாயி அக்கா வந்தார். பிடுங்கிப் போட்ட மூங்கில்களைச் சற்று நேரம் பார்த்தார்.

“இனிமே வராதில்ல?”

“வராதுக்கா.”

“அப்பன்னா சொல்லிடும்மா. யாரு?”

“வக்கீலு.”

“அவனா? பொணத்தப் பாத்தாலே வுழுந்துடுவானே?”

“அது நடிப்பாம்.”

அவர் காத்திருந்தார். நானும் யோசித்துப் பார்த்தேன். எப்படிப் பிடித்தார்கள், மாட்டிக்கொண்டபோது வக்கீல் முகம் எப்படிப் போயிற்று, மற்ற ஏழு பேரும் என்ன செய்தார்கள், அன்று கூடாரமே எதற்காக அப்படிச் சிரித்தது, எதுவும் எனக்குத் தெரியாது. சவுரி அண்ணன் சொன்னது அந்த இரண்டு வார்த்தைதான்.

“அவ்ளோதானா?” என்றார் குப்பாயி அக்கா.

சினிமாக் கொட்டகை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கொலைகாரன் பெயர் தெரிந்துகொள்ள யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. அந்த எட்டுப் பேரோடு சேர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டுச் சிரிக்கத்தான் வருகிறார்கள். பெயரை மட்டும் தனியாக எடுத்துக் கையில் கொடுத்தால் ஒன்றுமே மிஞ்சாது. இதை நான் தெரிந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அடுத்த புளிக் காலத்தில் அவரைச் சந்தையில் பார்த்தேன். வாஞ்சையாகத்தான் பேசினார். புளி தட்டும்போது இப்போது யார் கொலைகாரன் என்று நானே ஆசையாகக் கேட்டேன்.

“அதான் தெரிஞ்சிபோச்சே மேரிம்மா” என்றார். “இப்பல்லாம் சும்மாதான் தட்றோம்.”