வெட்டாத நொதியம்

அந்தப் படம் உள்ளங்கையளவுதான். கறுப்புப் பின்னணியில் சில வெள்ளைக் கோடுகள். எங்கள் ஆய்வுகூட உதவியாளரான பெண் அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டி, கீழே உருண்டை எழுத்தில், ‘நொதியம் நன்றாக இருக்கிறது. பிளாஸ்மிட்தான் வெட்டுப்படவில்லை. வேறு பற்றீரியாவில் வளர்த்துப் பார்க்கலாமா? சேரிடம் கேட்க வேண்டும்’ என்று எழுதியிருந்தார். நான் அதை வாசித்தபோது அவர் வேலையை இழந்து இரண்டு மாதமாகியிருந்தது. இழக்கச் செய்தவன் நான்.

வவுனியாவில் விரிவுரையாளராக இருந்த கடைசி ஆண்டுகளில், உவர் நிலத்திலும் விளையும் ஒரு நெல்லின் மரபணுவைப் பிரித்துப் பெருக்க முயன்றுகொண்டிருந்தேன். பற்றீரியாவினுள் சின்ன வளையமாக இருக்கும் டி.என்.ஏ.தான் பிளாஸ்மிட். அதை ஒரு நொதியத்தால், அதாவது என்சைமால், குறித்த இடத்தில் வெட்டித் திறந்து, வேண்டிய மரபணுவை ஒட்டி, மறுபடி பற்றீரியாவுக்குள் செலுத்தினால், பற்றீரியா பெருகப் பெருக மரபணுவும் பெருகும். சுமந்து செல்வதால் அதைக் காவி என்போம். எங்கள் காவி மூன்று மாதமாக வெட்டுப்படவே இல்லை.

அது மின்வெட்டுக் காலம். நொதியம் எப்போதும் உறைகுளிரில் இருக்கவேண்டும். மின்சாரம் போனதும் அதை ஐஸ் பெட்டிக்கு மாற்றுவது அவருடைய பொறுப்பு. அவர் தவறவிட்டதால் நொதியம் பழுதாகிவிட்டது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவர் இல்லையென்றார். நான் வராத ஒரு நாளில் அதே நொதியத்தால் வேறொரு டி.என்.ஏ.யை வெட்டி, துண்டுகள் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும் அந்தப் படத்தை எடுத்து, மறுநாள் காலை என்னிடம் நீட்டினார்.

“ஆரைக் கேட்டுத் தொட்டனீர்? அதென்ன கோடாலியே, கண்ட மரத்திலையும் கொத்திப் பாக்க?” என்று கத்தினேன்.

“கோடாலி நல்லாத்தாங்க சேர் இருக்கு. மரத்துலதான் என்னமோ இருக்கு,” என்றார், சிரித்தபடி.

அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. படத்தைப் பார்க்காமலே அறைக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் அவருடைய நிரந்தர நியமனத்துக்கான நேர்முகம். ஆறு ஆண்டுகள் தற்காலிகமாக இருந்து அந்த நாளுக்காகக் காத்திருந்தவர். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வவுனியாவுக்கு அருகே நெளுக்குளத்தில் குடியேறிய குடும்பம். அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். தேர்வுக்குழுவில் என்னையும் சேர்த்து மூவர். “கவனமில்லாத பிள்ளை. நம்பி ஒண்டும் குடுக்கேலாது,” என்றேன். அது போதுமாக இருந்தது.

பிறகு புதிய நொதியம் வந்தது. அதுவும் வெட்டவில்லை. அப்போதுதான் அவருடைய புத்தகத்தை எடுத்தேன். பற்றீரியா தன் டி.என்.ஏ.யிலும் தனக்குள் வளரும் பிளாஸ்மிட்டிலும் சிறு குறிகளை இடும். குறி விழுந்த இடத்தில் சில நொதியங்கள் வெட்டா. இப்படிக் குறியிட்டுத்தான் அது தன்னுடையதைக் காத்துக்கொண்டு, அந்நியமானதை மட்டும் வெட்டும். ஆண்டுதோறும் இதைப் பலகையில் எழுதிப் படிப்பித்தவன் நான். அவர் எழுதியிருந்தபடியே, குறியிடாத வேறொரு பற்றீரியாவில் பிளாஸ்மிட்டை வளர்த்தேன். முதல் தடவையே வெட்டுப்பட்டது. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

ஆண்டுகள் பல கழித்து, சென்ற மாதம் அவரைத் தேடி நெளுக்குளம் போனேன். ஆடைத் தொழிற்சாலை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். கதிரையைத் துடைத்துப் போட்டார். நொதியம், புத்தகம், நேர்முகத்தில் நான் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன்.

“எனக்குத் தெரிஞ்சத எனக்கே சொல்லவா சேர் இவ்வளவு தூரம் வந்தீங்க? அன்னைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தாங்களே, அவங்களுக்குப் போய்ச் சொல்லுங்க. அவங்களுக்குத்தான் தெரியாது.”

குழுவில் இருந்த மற்ற இருவரில் ஒருவர் காலமாகிவிட்டார். மற்றவர் பளையில் மகளோடு இருக்கிறார். நேற்று பஸ் ஏறிப் போய்ச் சொன்னேன்.

“ஆரது? எத்தினை பேரை எடுத்தம், எத்தினை பேரை விட்டம்,” என்றார். மின்வெட்டைச் சொன்னேன், நொதியத்தைச் சொன்னேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஊரைச் சொன்னதும் முகம் தெளிந்தது.

“ஓ, அந்தத் தோட்டக்காட்டுப் பெட்டையோ! அதுக்கேன் இப்ப நொதியக் கதை? நேர்முகத்துக்கு முதல்நாளே நீர்தானே சொன்னனீர், எங்கடை பக்கத்துப் பிள்ளை ஒண்டு நிக்குது, அதை எடுப்பம் எண்டு.”

“ஓம்,” என்றேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் கை போகிறது. மறக்கவில்லை. நெளுக்குளத்தில் அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டு வந்தேன். நாளைக்கு மறுபடி போகவேண்டும்.