அந்திரோமேடாவைச் சுற்றி நிலம் துடைத்தவள்

துப்புரவு வேலைக்குப் போகிற உங்களுக்கும் தெரியும், வீட்டில் ஓய்ந்திருக்காத கை வேலையிடத்திலும் சொல்வழி கேளாது.

நிலம் மட்டும்

தொண்ணூறுகளில் டொராண்டோவில் ஒரு கலைக்கூடத்தில் எனக்குக் கிளீனிங் வேலை கிடைத்தது. இவருக்கு வேலை நின்றிருந்த நேரம், மகளும் கைக்குழந்தை. என்னைக் கொஞ்சக் காலம் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவார்களாம்.

நடு மண்டபத்தில் ஒரு வெள்ளைச் சலவைக்கல் பெண். விக்டோரியா மகாராணி காலத்தில் செதுக்கியது. கிரேக்கக் கதையில் வரும் அந்திரோமேடா என்ற இளவரசி. உடுப்பும் இல்லாமல், பாறையோடு சங்கிலியில் கட்டுண்டு நின்றாள். பாதத்தில் தூசியைக் கண்டதும் ஈரத்துணியோடு குனிந்துவிட்டேன். சுப்பவைசர் மரியா ஓடி வந்து கையைப் பிடித்தா.

"நிலம் மட்டும்தான் உன்ர. அவளில விரல் பட்டால் ரெண்டு பேருக்கும் வேலை இல்லை!"

பெருமை பேசிய தாய்

ஏன் கட்டியிருக்கிறார்கள் என்று காவலாளியைக் கேட்டேன். கடல் கன்னிகளிலும் என் மகள் வடிவு என்று தாய் பெருமை பேசினாளாம். கடல் தெய்வம் கோபித்து ஒரு பூதத்தை அனுப்ப, அதற்கு இரையாக மகளைக் கட்டினார்களாம். கூட வேலை செய்த மட்டக்களப்பு ரதி அக்காவுக்கு அதைச் சொன்னேன். அவ நிலம் துடைக்கிற மொப்பை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தா.

"வாய் விட்டவ தாய், சங்கிலி புள்ளைக்கா? நீயும் உன்ட மகளப் பத்தி ஊரெல்லாம் பீத்தாதகா!"

சிவப்புப் புள்ளி

ஒருநாள் மகளுக்குக் காய்ச்சல். பிள்ளை பார்க்கிற அன்ரிக்குப் போன் எடுக்க ஓடுவதும், திரும்பி வந்து மொப் பிடிப்பதுமாக இருந்தேன். வேர்த்துக் கொட்டியது. முகம் துடைக்குமுன் ஒட்டுப்பொட்டைக் கழற்றிக் கிட்ட இருப்பதில் ஒட்டுவது நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தானே?

அடுத்தநாள் போனால் சிலையைச் சுற்றிக் கூட்டம். அவள் கால் பெருவிரலில் சிவப்பாய் ஒரு புள்ளி. பெயின்ற் என்றார் ஒருவர். கல்லுக்குள் ஊறியிருக்கும் என்றார் மற்றவர். வேலை போனால் வீட்டு வாடகைக்கு எங்கே போவது? ஆனாலும், "அது என்ர பொட்டு" என்று சொல்லிவிட்டேன்.

சிலைகளைப் பராமரிக்கிற பெண்மணி கையுறையோடு மெல்ல உரித்தெடுத்தா. கல்லில் ஒரு அடையாளமும் இல்லை. எல்லாரும் மரியாவைப் பார்த்தார்கள். மரியா அந்தப் பொட்டை வாங்கி என் நெற்றியில் அழுத்தினா.

"இனி ஒட்ட இடமில்லாட்டி என்ர நெத்தியில ஒட்டு, அவளை விடு. போ, நிலம் பாத்துக்கொண்டு கிடக்கு!"

வேலை நிரந்தரமாகிவிட்டது, ஆனால் அந்த மண்டபத்தைத் துடைத்து முடிக்கும்வரை தரையைப் பார்ப்பதைவிட நெற்றியைத் தடவிப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய வேலை.