மாடியில் ஒரு குடித்தனம்

"மாடிப் பகுதி: ஒரு குடித்தனம், வாடகைக்கு." 1971 ஆகஸ்டு மாதத் தேதியிட்ட வீட்டு வரி நோட்டீசில் இப்படி எழுதியிருந்தது. மயிலாப்பூரில் தாத்தா கட்டிய அந்த வீட்டின் மாடியில் அப்போது இருந்தவர் என் சித்தப்பா.

பாகப் பேச்சில் வந்த மனத்தாங்கலால் அப்பாவும் அவரும் சில வருடங்களாகப் பேசிக்கொள்வதில்லை. மாடியில் தனி அடுப்பு. மூத்தவர் என்பதால் வரி மட்டும் அப்பா பெயரில் வந்தது.

நோட்டீசுக்கு முன் வரி இன்ஸ்பெக்டர் வீட்டை அளக்க வந்தார். நான் அன்று ஆபீசுக்கு லீவு.

"மேல யாரும்மா கீறாங்க?"

"நாங்க தனிக்குடித்தனம். அவா வேற, நாங்க வேற" என்றாள் சித்தி, மாடிப்படியில் நின்றபடி.

சித்தி சொன்னது, கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்ததை. அவர் எழுதிக்கொண்டது, வாடகைக்கு வந்தவர்கள் என்று. எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

வீட்டின் உரிமையாளரே குடியிருந்தால் ஓர் அளவுக்கு மேல் வரியை ஏற்ற மாட்டார்கள், வாடகைப் பகுதிக்கு அந்த வரம்பு இல்லை என்று விசாரித்ததில் சொன்னார்கள். புதிய வரியை அப்பாவின் பென்ஷன் தாங்காது. வீட்டை விற்க நேரும் என்று அம்மாவிடம் மெல்லச் சொன்னார்.

செய்தி மாடிக்கு எட்டியது. "பொறந்த ஆத்துல நான் குடித்தனக்காரனா?" என்று சித்தப்பா யாரையும் பார்க்காமல் கேட்டார். அப்பா கார்ப்பரேஷனுக்குக் கொடுத்திருந்த ஆட்சேபணை மனு விசாரணைக்கு வந்த நாளில், கூப்பிடாமலே எங்களோடு கிளம்பினார்.

அதிகாரி இருவரையும் பார்த்தார். "சமையல் ஒண்ணா, தனியா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத அப்பா தலைகுனிந்துகொண்டார்.

"ஒண்ணுதான் சார்" என்றார் சித்தப்பா.

"சரி, இன்ஸ்பெக்டரை அனுப்பறேன். பார்த்துட்டு வந்து சொல்லட்டும்."

கச்சேரி ரோடு வரை மூவரும் நடந்தோம். அங்கே சித்தப்பா, "அண்ணா, மாடி அடுப்பை எடுத்துடறேன்" என்றார். அப்பா, "ம்" என்றார். அவ்வளவுதான்.

சித்திக்குத்தான் மனம் வரவில்லை. "மன்னி சாம்பார்ல வெல்லம் போடுவா. நான் எப்படிச் சாப்பிடறது?"

"உனக்கு முதல்ல எடுத்து வச்சுடறேன். அப்புறமாப் போட்டுக்கறேன்" என்றாள் அம்மா.

மறுநாள் காலையிலிருந்து இரண்டு குடும்பமும் கீழேயே சாப்பிட்டோம். இன்ஸ்பெக்டர் எப்போது வருவார் என்று தெரியாததால் ஒரு வேளையும் தவறவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். மோர் வேண்டுமா என்பதற்கு மேல் பேச்சு வளர நாளாயிற்று. வரி பழைய அளவை ஒட்டியே நின்றது. 1978-ல் அப்பா காலமானபோதும் மாடியில் அடுப்பு இல்லை.

இன்ஸ்பெக்டர் திரும்ப வந்து பார்த்தாரா? நான் ஆபீசில் இருந்த ஒரு பகலில் வந்து போனார் என்பாள் சித்தி. யாருமே வரவில்லை என்பாள் அம்மா. இதை இன்றுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.